‘அசோக் குமார்’ ஆணைகள்: திரைப்படப் பதிப்புரிமையும் இணையவழிக் கருத்துரிமையும் – சென்னை உயர் நீதிமன்ற ஆணைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் உழைப்பைக் காக்கிறது. அரசியலமைப்பின் கருத்துரிமைப் பிரிவு படைப்பாளியின் குரலைக் காக்கிறது. அச்சு ஊடகக் காலத்தில் பெரும்பாலும் இணைந்து இயங்கிய இவ்விரு பாதுகாப்புகளும் இணைய வெளியில் அடிக்கடி மோதுகின்றன. திரைப்படத் தயாரிப்பாளர்கள் பெயர் அறியப்படாத பிரதிவாதிகளுக்கு எதிராகப் பெறும் இடைக்காலத் தடையாணைகள் இம்மோதலுக்குத் தெளிவான சான்று. 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஆணைகளும் அவற்றின் விளைவுகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. பின்வந்த மும்பை, டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. தடையின் அகலம் மீறலின் அகலத்தை விஞ்சும் இடத்தில் பதிப்புரிமை தன் நோக்கத்திற்கே எதிராக இயங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, கருத்துரிமை, இடைக்காலத் தடையாணை, இடைநிலையர், நியாயமான கையாளுகை, பகடி, மின்னூலகம்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாடல் யூடியூபில் முறைப்படி வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே பாடலின் முழுமை பெறாத வடிவம் ஒன்று இணையத்தில் கசிந்திருந்தது. வெளிவந்த சில நாள்களிலேயே பாடல் மொழி எல்லைகளைக் கடந்து பரவியது. எண்ணற்ற இளைஞர்கள் அதே மெட்டில் வேறு சொற்களை இட்டுப் பாடினர். வேறு கருவிகளில் இசைத்தனர். அரசியல், தேர்வு, விலைவாசி எனப் பல பொருள்களில் பகடி செய்தனர். ஒரு பாடல் இணையத்தால் வளர்ந்த வரலாறு இது.

அதே திரைப்படம் 2012 மார்ச் 30ஆம் நாள் திரைக்கு வந்தது. அதன் திருட்டுப் படிகள் இணையத்தில் பரவுவதைத் தடுக்கத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றது. அவ்வாணையையும் அடுத்து வந்த மற்றொரு படத்திற்கான ஆணையையும் நடைமுறைப்படுத்த முற்பட்ட இணையச் சேவை வழங்குநர்கள், திருட்டுப் படிகளோடு நில்லாது சில இணையத்தளங்களையே முழுமையாக முடக்கினர். பரவலால் புகழ்பெற்ற ஒரு பாடலைக் கொண்ட படமே, பரவல் வெளியை அடைக்கும் ஆணைக்கும் காரணமாயிற்று. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

ஆய்வு நோக்கமும் எல்லையும்

திரைப்படத் திருட்டு நியாயமானதா என்பது இங்கு வினா அன்று. அது குற்றம், அதனால் நேரும் இழப்பு உண்மையானது. ஒரு படத்தின் வருவாயில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே திரட்டப்படுவதால், வெளியான அன்றே திருட்டுப் படி வருமாயின் இழப்பை ஈடுசெய்ய இயலாது. வினா வேறு: இவ்விழப்பைத் தடுக்கச் சட்டம் எடுக்கும் கருவி, குற்றத்தில் பங்கில்லாதவர்களின் படைப்பையும் பேச்சையும் எந்த அளவுக்குப் பாதிக்கிறது? இவ்வினாவுக்கு விடை காணப் பதிப்புரிமைச் சட்டம் 1957, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அவற்றின் திருத்தங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியன முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை ஆகிய அணுகுமுறைகள் பின்பற்றப்பட்டுள்ளன.

1. வழிநூல் மரபும் பதிப்புரிமைக் கோட்பாடும்

முன்னிருந்த படைப்பிலிருந்து புதிய படைப்பு தோன்றுவதைத் தமிழ் இலக்கண மரபு வகைப்படுத்தி ஏற்றுள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்துப் பேசுகிறது. முன்னோர் கூற்றைப் பின்னோர் தம் நூலுள் எடுத்தாளுவதைப் போற்றத்தக்க செயலாகவே நன்னூல் கருதுகிறது. தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றைத் தானும் எடுத்தாண்டுள்ளது. உரையாசிரியர் மரபு முழுவதும் மூலத்தை முழுமையாக எடுத்துக்காட்டி அதன்மேல் எழுந்த படைப்பேயாகும்.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் பதிப்புரிமையை மறுத்தனர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் படி எடுத்தல் உழைப்பு மிக்க செயல். அதற்கு இன்றைய பொருளில் சந்தை இல்லை. அச்சு இயந்திரமும் நூல் வணிகமும் தோன்றிய பின்னரே படிகளின் மீதான உரிமை பொருளாதார மதிப்புப் பெற்றது. ஆயினும் வழிநூல் மரபு உணர்த்தும் ஒரு வேறுபாடு இன்றும் பயன்படும். மூலத்தை அப்படியே பெருக்குதல் வேறு. மூலத்தின் துணைகொண்டு வேறொன்றைச் சொல்லுதல் வேறு. முன்னதைத் தடுத்துப் பின்னதைக் காப்பதே பதிப்புரிமைச் சட்டத்தின் சமநிலை.

அச்சமநிலையை இந்தியச் சட்டம் இருவகையில் பேணுகிறது. ஒன்று, கால எல்லை. இலக்கியப் படைப்புகளுக்கு ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். 50 ஆண்டாக இருந்த இக்காலம், 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு உரிமை முடிவுறும் தறுவாயில் 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீட்டிக்கப்பட்டது. மற்றொன்று, விலக்குகள். சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, ஆய்வு, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. இவையன்றித் தமிழகத்திற்கே உரிய மூன்றாவது வழியும் உண்டு. பாரதியின் எழுத்துகள் 1949இல் அரசுடைமையானதில் தொடங்கிய நாட்டுடைமையாக்க மரபு, படைப்பாளியின் குடும்பத்திற்குப் பரிவுத்தொகை வழங்கிப் படைப்பைப் பொதுமக்களுக்கு உரியதாக்குகிறது. இன்றைய தமிழ் மின்னூலகங்களுக்கு இம்மரபு பெருந்துணையாக உள்ளது.

2. பெயரறியாப் பிரதிவாதி

வழக்கில் எதிராளி யார் என்று வாதி அறிந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. திருட்டுப் படியை வெளியிடுவோர் அறியப்படாதவராக இருக்கும்போது இவ்விதி பயனற்றுப்போகிறது. இதற்கு மாற்றாக, ஆங்கில, அமெரிக்க நீதிமன்றங்கள் ‘ஜான் டோ’ என்னும் கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாகக் கொண்டு ஆணை பிறப்பிக்கும் வழக்கத்தை உருவாக்கின. இந்தியாவில் 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்பைக் கம்பிவடத் தொலைக்காட்சியினர் உரிமமின்றி ஒளிபரப்புவதைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணையை முதன்முதலில் வழங்கியது. நாளடைவில் இவ்வாணைகளில் ‘அசோக் குமார்’ என்னும் இந்தியப் பெயர் இடம்பெறலாயிற்று.

இவ்வாணைகளில் மூன்று இயல்புகள் கருதத்தக்கவை. முதலாவது, எதிர்த்தரப்பைக் கேளாமலேயே இவை வழங்கப்படுகின்றன. கேட்பதற்கு எதிர்த்தரப்பே முன்னிலையில் இல்லை. இரண்டாவது, மீறல் நிகழும் முன்பே, நிகழக்கூடும் என்னும் அச்சத்தின் பேரில் வழங்கப்படுகின்றன. மூன்றாவது, இவற்றை நிறைவேற்றுவோர் குற்றம் இழைத்தவர் அல்லர். இணையச் சேவை வழங்குநர்களே நிறைவேற்றுகின்றனர். ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நேரும் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. தேவைக்கு மேல் தடுத்தால் அவர்களுக்கு இழப்பில்லை. குறைவாகத் தடுத்தால் இடர் உண்டு. இந்நிலையில் அகலத் தடுப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாகிறது. ஆக, மிகைத்தடையை ஒரு தனிநிறுவனத்தின் பிழையாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஆணையின் அமைப்பே அதனைத் தூண்டுகிறது.

3. 2012ஆம் ஆண்டு வழக்கு

‘3’ திரைப்படத்தின் தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ், பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்தையும் பிற இணையச் சேவை வழங்குநர்களையும் பெயரறியாப் பிரதிவாதிகளையும் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. படம் வெளிவருவதற்கு முன்பே இடைக்காலத் தடையாணை கிடைத்தது. ஏப்ரல் 25ஆம் நாள் ‘தம்மு’ என்னும் தெலுங்குப் படத்திற்கும் இத்தகைய ஆணை வழங்கப்பட்டது. எந்தெந்த இணைய முகவரிகளைத் தடுக்க வேண்டும் என்ற வரையறை இல்லாமையால், மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் முதலிய தளங்கள் பல சேவை வழங்குநர்களின் வாடிக்கையாளர்களுக்கு முற்றிலும் மறைந்தன.

தடுக்கப்பட்டவற்றின் இயல்பை நோக்கின் மிகைத்தடையின் பொருள் விளங்கும். விமியோ, குறும்படக் கலைஞர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் தம் சொந்தப் படைப்புகளை வெளியிடும் காணொளித்தளம். பேஸ்ட்பின், கணினி நிரலாளர்கள் எழுத்துவடிவக் குறிப்புகளைப் பகிரும் தளம். அதில் திரைப்படத்தைப் பதிவேற்ற இயலாது. இணைப்புகளைக் குறிக்க மட்டுமே இயலும். ஒரு படத்தின் பதிப்புரிமையைக் காக்க எழுந்த ஆணையால், தம் படைப்பின் பதிப்புரிமைக்குத் தாமே உரியவரான எத்தனையோ சிறு படைப்பாளிகள் தம் பார்வையாளரை இழந்தனர். அவர்கள் எவரும் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். ஏன் தடுக்கப்பட்டோம் என்பதை அறியும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை.

எதிர்ப்பு இரு வழிகளில் எழுந்தது. ‘அனானிமஸ்’ என்னும் பெயரில் இயங்கியோர் அரசு, கட்சி, நிறுவனத் தளங்களைத் தாக்கினர். ஜூன் 9ஆம் நாள் மும்பை உள்ளிட்ட நகரங்களில் முகமூடி அணிந்து தெருவில் இறங்கியும் போராடினர். பிறர் தளங்களை முடக்கித் தம் கருத்துரிமையைக் கோருதல் தன்னுள் முரண்பட்டது என்பதைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. மாற்றத்தை உண்டாக்கியது மற்றொரு வழி. இணையச் சேவை வழங்குநர்கள் நீதிமன்றத்தையே அணுகி ஆணையின் எல்லையைத் தெளிவுபடுத்துமாறு வேண்டினர். ஜூன் மாதத்தில் நீதிமன்றம், தடை மீறல் படி இடம்பெற்றுள்ள குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே உரியது. முழுத் தளத்திற்கு உரியதன்று எனத் தெளிவுறுத்தியது. முகவரி விவரங்களை வாதியே அளிக்க வேண்டும் எனவும், பெற்ற 48 மணி நேரத்துக்குள் சேவை வழங்குநர்கள் அவற்றைத் தடுக்க வேண்டும் எனவும் பணித்தது.

தெளிவுறுத்தல் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. மீறலைக் கண்டறிந்து சுட்டும் பொறுப்பு உரிமையாளரிடம் சென்றது. அதனை உடனே நீக்கும் பொறுப்பு சேவை வழங்குநரிடம் நின்றது. ஆயினும் அதே வழக்கில் 2012 அக்டோபரில் சேவை வழங்குநர்கள் தம்மை வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரியபோது நீதிமன்றம் இணங்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு இடைநிலையருக்குப் பொறுப்பு விலக்கு அளிப்பினும், அச்சட்டத்தின் 81ஆம் பிரிவின் வரம்புரை பதிப்புரிமையாளரின் உரிமைகளைத் தனியே காக்கிறது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான இழுபறி பின்னர் வந்த வழக்குகளிலும் தொடர்ந்தது.

4. 2017: மறைந்த நூலகம்

ஐந்தாண்டுகளுக்குப் பின் வரலாறு திரும்பியது. 2017 ஆகஸ்டுத் தொடக்கத்தில் இரண்டு இந்தித் திரைப்படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளின்படி 2,600க்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. அப்பட்டியலில் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய ஆவணக் காப்பகமும் இருந்தது. சில நாள்கள் இந்தியாவிலிருந்து அதனை அணுக இயலவில்லை.

இத்தடை தமிழாய்வுலகுக்கு நேரடியாகத் தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அச்சான தமிழ் நூல்கள் பல, அகராதிகள், இலக்கணங்கள், இதழ்த் தொகுதிகள் ஆகியவற்றின் ஒளிவருடிப் படிகள் அக்காப்பகத்தில் உள்ளன. இன்று முனைவர்ப்பட்ட ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் ஒருவர் முதற்பதிப்பு ஒன்றின் முகப்புப் பக்கத்தைச் சரிபார்க்க நாடும் இடங்களுள் அதுவும் ஒன்று. இவ்வெளியீடுகளில் மிகப் பல பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையானவை. அழிந்த இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைப் பாதுகாக்கும் பணியையும் அக்காப்பகம் செய்கிறது. நிகழ்கால வரலாற்றை எழுதுவோருக்கு அது சான்றுக்களம்.

சட்டப்படி யாருக்கும் தனியுரிமை இல்லாத நூல்களை, வேறொருவரின் தனியுரிமையைக் காக்கும் ஆணை மக்களிடமிருந்து மறைத்தது. 2012இல் நீதிமன்றம் வகுத்த ‘குறிப்பிட்ட முகவரி மட்டும்’ என்னும் வரையறை 2017இல் பின்பற்றப்படவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் முதன்மைச் செய்தி. ஒரு வழக்கில் வகுக்கப்பட்ட இடைக்கால நெறி, சட்ட விதியாக மாறாதவரை அடுத்த வழக்கைக் கட்டுப்படுத்துவதில்லை. தடையை எதிர்த்து வாதிட எவரும் இல்லாத மன்றத்தில், பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் ஐயுற்று நோக்குவோரும் இல்லை.

5. இரண்டு அளவுகோல்கள்

பேச்சைக் கட்டுப்படுத்தும் பிற சட்டங்களோடு ஒப்பிடும்போது பதிப்புரிமையின் தனித்தன்மை புலப்படும். அரசியலமைப்பின் 19(2)ஆம் உறுப்பு, கருத்துரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளுக்கு எட்டு அடிப்படைகளை வரையறுக்கிறது. இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத் தூண்டல் என்பன அவை. தனியார் ஒருவரின் சொத்துரிமை இப்பட்டியலில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. பதிப்புரிமைச் சட்டம் கருத்துரிமையோடு இயைந்து நிற்பதற்கு 52ஆம் பிரிவின் விலக்குகளே முதன்மைக் காரணம் எனலாம். விலக்குகள் நடைமுறையில் செயலிழப்பின் அவ்வியைபும் குலையும்.

2015 மார்ச் 24ஆம் நாள் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என நீக்கியது. இணையப் பேச்சுரிமை வரலாற்றில் இத்தீர்ப்பின் அப்பகுதியே பெரிதும் பேசப்படுகிறது. படைப்பாளிகளுக்கு அதனினும் பயனுள்ள பகுதி 79ஆம் பிரிவு பற்றியது. ஓர் உள்ளடக்கத்தை நீக்குமாறு எவரோ எழுதும் கடிதம் இடைநிலையரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற ஆணை அல்லது அரசின் அறிவிக்கை வந்தால் மட்டுமே அவருக்கு ‘உண்மை அறிவு’ உண்டானதாகக் கொள்ளப்படும் என நீதிமன்றம் பொருள்கொண்டது. இலட்சக்கணக்கான கோரிக்கைகளில் எது முறையானது என இடைநிலையரே தீர்ப்பளிக்க நேரிடக்கூடாது என்பது அதன் காரணம்.

பதிப்புரிமையில் நிலை வேறு. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 52(1)(சி) பிரிவின் கீழ் உரிமையாளர் எழுத்துமூலம் முறையிட்டாலே இடைநிலையர் அவ்வுள்ளடக்கத்தை 21 நாள் தடுத்துவைக்க வேண்டும். அக்காலத்துக்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் வழங்கலாம். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகள் இத்தடுப்புக்கு 36 மணி நேரம் வரையறுக்கின்றன. 2016 டிசம்பர் 23ஆம் நாள் மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, 79, 81ஆம் பிரிவுகளை இயைத்துப் பொருள்கொண்டு இடைநிலையருக்குப் பொறுப்பு விலக்கு உண்டு என உறுதிசெய்தது. அதேவேளை, பதிப்புரிமை மீறலில் உரிமையாளரின் குறிப்பான அறிவிப்பே போதும். நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை என வேறுபடுத்தியது.

இவ்விரு நெறிகளையும் அருகருகே வைத்து நோக்குக. ஒருவர் மீது அவதூறு எனக் கருதப்படும் கட்டுரையை நீக்க நீதிமன்றப் படி ஏற வேண்டும். அதே கட்டுரையில் அவருக்கு உரிமையுள்ள ஒரு நிழற்படமோ, காணொளித் துண்டோ இடம்பெற்றிருப்பின் ஒரு கடிதம் போதும். விமர்சனத்தைப் பொறாதவர் எவ்வழியை நாடுவார் என்பது வெளிப்படை. பேச்சை அடக்குவதற்கு இயற்றப்படாத சட்டம், பேச்சை அடக்குவதற்கு எளிய வழியாகிவிடுகிறது.

சட்டம் சில காப்புகளை வைத்துள்ளது என்பதையும் கூறல் வேண்டும். முறையீட்டாளர், செயல் 52ஆம் பிரிவின் விலக்குக்குள் அடங்காது என்பதைக் காட்ட வேண்டும். வழக்குத் தொடுப்பதாக உறுதியளிக்க வேண்டும். அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராக 60ஆம் பிரிவின் கீழ் வழக்கிடலாம். ஆயின் திரைப்படத் திறனாய்வு ஒன்றை வெளியிட்ட கல்லூரி மாணவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார் என எதிர்பார்த்தல் நடைமுறைக்கு ஒவ்வாது. தவிரவும், பெருந்தளங்கள் சட்டத்துக்கு அப்பால் தம் சொந்த ஒப்பந்த விதிகளையும் தானியங்கிக் கண்டறிமுறைகளையும் கொண்டுள்ளன. யூடியூபில் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கைகள் பெற்ற அலைவரிசை நீக்கப்படும். இசைத்துணுக்கு ஒத்திருக்கிறதா என்பதை இயந்திரம் அறியும். அது திறனாய்வுக்காக எடுத்தாளப்பட்டதா என்பதை அறியாது. மூலத்தைப் பெருக்குதலையும் மூலத்தின் துணைகொண்டு பேசுதலையும் பிரித்தறியும் பணி இயந்திரத்திடம் விடப்படுகிறது.

6. எதிர்நாடகம் தரும் பாடம்

இப்பிரித்தறிதல் எத்தகைய நுண்மையைக் கோருவது என்பதற்குக் கேரள உயர் நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு சான்று. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ 1952 முதல் மேடையேறிப் பொதுவுடைமை இயக்கத்தைக் கேரளத்தில் பரப்பிய நாடகம். அந்நாடகத்தின் அரசியலைத் திறனாய்ந்து சிவிக் சந்திரன் ‘நிங்ஙளாரெ கம்யூனிஸ்டாக்கி’ என்னும் எதிர்நாடகத்தை எழுதினார். மூல நாடகத்தின் மாந்தரும் உரையாடல்களும் அதில் பெருமளவில் எடுத்தாளப்பட்டன. மூல ஆசிரியரின் மரபுரிமையர் தடை கோரினர்.

நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைக் கொண்டு ஆராய்ந்தது: திறனாய்வோடு ஒப்பிட எடுத்தாளப்பட்ட பகுதியின் அளவும் மதிப்பும் யாவை, எடுத்தாண்ட நோக்கம் யாது, இரு படைப்புகளும் சந்தையில் போட்டியிடும் வாய்ப்பு உண்டா. எதிர்நாடகத்தின் நோக்கம் மூலத்தைப் போலி செய்தல் அன்று, மூலத்தை விமர்சித்தல் என்று கண்டு தடை மறுக்கப்பட்டது. தமிழ் மரபின் மொழியில் கூறின், எதிர்நாடகம் மறுப்புநூல். மறுக்கப்படும் கூற்றை எடுத்துக்கூறாமல் மறுப்பு எழுத இயலாது.

இந்நாடகம் மேடையில் அன்றி இணையத்தில் முதலில் வெளிவந்திருப்பின் நிகழக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். முறையீடு வந்த 36 மணி நேரத்துக்குள் அது மறைந்திருக்கும். மூன்று அளவுகோல்களையும் யாரும் பொருத்திப் பார்த்திருக்கமாட்டார்கள். நடப்பு அரசியலைப் பகடி செய்யும் காணொளிக்கு 21 நாள் என்பது வாழ்நாள். பகடி என்னும் சொல் 52ஆம் பிரிவில் இல்லை. திறனாய்வு என்னும் சொல்லின் நிழலிலேயே அது ஒதுங்கி நிற்கிறது. ‘கொலவெறி’ மெட்டில் எழுந்த எண்ணற்ற பகடிகள் நிலைத்திருந்தமைக்கு உரிமையாளர் அவற்றை விரும்பியமையே காரணம். அவற்றைச் சட்டம் தெளிவாகக் காத்தமை அன்று. உரிமையாளரின் விருப்பத்தால் மட்டும் நிலைக்கும் பகடி, அவரைப் புகழும் வரையே பாதுகாப்பானது.

7. பின்வந்த நெறிகள்

2016 ஜூலையில் ‘டிஷூம்’ என்னும் இந்திப் படத்திற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.எஸ். பட்டேல் வகுத்த நெறி குறிப்பிடத்தக்கது. முழுத்தளத் தடையை அவர் எளிதில் வழங்க மறுத்தார். தளம் முழுவதும் சட்டவிரோத உள்ளடக்கமே என்று காட்டினாலன்றி, சரிபார்க்கப்பட்ட முகவரிகள் மட்டுமே தடுக்கப்படலாம் என்றார். தடுக்கப்பட்ட பக்கத்தை நாடுவோருக்கு எந்த ஆணையால் அது தடுக்கப்பட்டது, பாதிக்கப்பட்டோர் எங்கு முறையிடலாம் என்பன அறிவிக்கப்பட வேண்டும் எனவும் பணித்தார். வழக்கில் இல்லாதவரின் குரலுக்கும் இடமளித்தமையே இந்நெறியின் சிறப்பு.

2019 ஏப்ரல் 10ஆம் நாள் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு பாதையை வகுத்தது. தடுக்கப்பட்ட திருட்டுத் தளங்கள் பெயரின் ஓர் எழுத்தை மாற்றி மறுநாளே மீண்டும் தோன்றுவதால், முகவரி வாரியான தடை பயனற்றது என்னும் தயாரிப்பாளர் வாதத்தில் உண்மை உண்டு. ஆகவே திருட்டையே முதன்மை நோக்கமாகக் கொண்ட ‘போக்கிரித் தளங்கள்’ எவை என அறியும் தன்மைசார் சோதனையை வகுத்து, அவற்றின் மாற்று வடிவங்களுக்கும் நீளும் ‘இயங்குநிலைத் தடையாணை’யை நீதிமன்றம் வழங்கியது. 2023இல் அதே நீதிமன்றம் இனித் தோன்றும் படைப்புகளுக்கும் இதனை விரித்தது. தளத்தின் இயல்பை ஆராய்ந்து தடுத்தல் என்னும் வகையில் இது 2017ஆம் ஆண்டுப் பட்டியல் முறையினும் மேம்பட்டது. எனினும் அவ்வாராய்ச்சியும் எதிர்வாதம் இல்லாமலே பெரும்பாலும் நிகழ்கிறது.

2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் திரையரங்கில் படத்தைப் பதிவுசெய்வதற்குத் தனித் தண்டனை விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றிய அரசு நியமித்த தொடர்பு அலுவலர்கள், முறையீடு பெற்ற 48 மணி நேரத்துக்குள் திருட்டு உள்ளடக்கத்தைத் தடுக்கப் பணிக்கலாம். 2012இல் நீதிமன்ற ஆணையில் தோன்றிய கால அளவு, நீதிமன்றம் இல்லாமலே இன்று நிருவாக நடைமுறையாகிவிட்டது. விரைவு கூடியுள்ளது, ஆராயும் மன்றம் விலகியுள்ளது. மறுபுறம், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெருந்தளங்கள் தாமாக ஓர் உள்ளடக்கத்தை நீக்கும் முன் அதனை இட்டவருக்குக் காரணம் கூறி மறுப்புரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கின்றன. இந்நற்கூறு பதிப்புரிமை முறையீடுகளுக்கும் நீளுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

• பெயரறியாப் பிரதிவாதிக்கு எதிரான ஆணை தேவையான கருவியே. ஆனால் அதனை நிறைவேற்றுவோரின் அச்சமும் எதிர்வாதம் இன்மையும் மிகைத்தடைக்கு இட்டுச்செல்கின்றன. 2012, 2017ஆம் ஆண்டு நிகழ்வுகள் இதற்குச் சான்றுகள்.

• மிகைத்தடையால் முதலில் பாதிக்கப்படுவோர் திருடர் அல்லர்; சிறு படைப்பாளிகளும் ஆய்வாளர்களும் வாசகர்களுமே ஆவர். திருட்டுத் தளம் வேறு பெயரில் மீளும்; நூலகம் அவ்வாறு மீளாது.

• அவதூறுக்கு நீதிமன்ற ஆணையும் பதிப்புரிமைக்குக் கடிதமும் போதும் என்னும் இரட்டை அளவுகோல், பதிப்புரிமையை விமர்சன அடக்குமுறையின் கருவியாக்கும் இடர் உடையது.

• 52ஆம் பிரிவில் பகடி வெளிப்படையாக இடம்பெறுதல், பொய் முறையீட்டுக்கு எளிய தண்டம் விதித்தல், தடுக்கப்பட்ட பக்கத்தில் காரணமும் முறையீட்டு வழியும் அறிவித்தல், பொதுவுடைமை நூற்களஞ்சியங்களை முழுத்தளத் தடையிலிருந்து விலக்குதல் ஆகிய நான்கும் சட்டத்தின் சமநிலையை மீட்க உதவும்.

முதல்நூலுக்கு மதிப்பளித்தே வழிநூல் வளர்ந்தது. முதல்நூலாசிரியரின் உழைப்பைத் திருடுவோரைத் தண்டித்தலும், அவரோடு உடன்பட்டோ முரண்பட்டோ எழுதுவோருக்கு வழிவிடுதலும் ஒரே சட்டத்தின் இரு கடமைகள். தமிழின் அச்சு மரபு இணையத்திற்கு இடம்பெயர்ந்து வரும் இக்காலத்தில், இரண்டாவது கடமையைச் சட்டம் மறவாதிருத்தல் தமிழாய்வின் எதிர்காலத்திற்கும் இன்றியமையாதது.